மீட்டர் பூஜ்யம் காட்டிய வீடு

ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்க்காமலே அதற்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று என்னால் சொல்ல முடியும். பெருமைக்குச் சொல்லவில்லை. இப்போதெல்லாம் அதைச் சொன்னாலே வாயில் புளிப்பு தட்டுகிறது. ஆனால் இருபத்திரண்டு வருஷம் குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்த்தவளுக்கு அது தானாக வந்துவிடும். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு எண்பது லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தை பிறந்தால் முதல் மாதமே எகிறும், துணி அலசியே மாளாது. மாமியார் வந்து தங்கினால் கொஞ்சம் கூடும். மாமியார் கோபித்துக்கொண்டு கிளம்பினால் அதைவிடக் கூடும், மருமகள் வீட்டையே கழுவி விடுவாள். கல்யாணம், சாவு, பிள்ளை வெளியூருக்குப் படிக்கப் போனது, புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனது, எல்லாமே என் நோட்டில் லிட்டரில் இருந்தது. தெருவில் எனக்கு மீட்டரம்மா என்றுதான் பேர். என் சொந்தப் பேர் என் வீட்டுக்காரருக்கே யோசித்தால்தான் வரும்.

வாரியத்தில் என்னோடு ஒத்துப்போன ஆள் ஒரே ஒருவர்தான். அவர் வால்வு அண்ணன். ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கும் தெருக்களுக்கெல்லாம் முறை வைத்துக் குழாய் திறந்து மூடுவது அவர் வேலை. நான் என் திறமையைப் பீற்றிக்கொள்ளும்போதெல்லாம் இடுப்பில் தொங்கும் பெரிய சாவியைத் தட்டிக்கொண்டு சிரிப்பார். "நீ மீட்டர் முள்ளைப் பாத்து ஆளைச் சொல்ற. நான் ஆளைப் பாத்து தண்ணி விடுறேன். யாரு பெரியவங்க, சொல்லு," என்பார். அந்தக் கரையிலேயே ஒரு நாலு மாடிக் கட்டடத்தில் கீழ்வீட்டில் குடியிருந்தார். என் பெண்ணின் கல்யாணத்தில் பந்தி முடியும்வரை தண்ணீர் லாரியை விட்டு நகராமல் நின்றவர்.

பிறகு சண்டை வந்தது. ஊரை ஆறு பிரித்த இடத்திலேயே துப்பாக்கியும் பிரித்தது. இந்தக் கரை அரசாங்கத்தின் கையில், அந்தக் கரை எதிர்த்து ஆயுதம் எடுத்தவர்கள் கையில். பாலத்தை மூடினார்கள், படகை நிறுத்தினார்கள். சண்டைக்கு மூன்று வருஷம் முன்னால் வாரியம் இரண்டு கரையிலும் புது மீட்டர் போட்டிருந்தது. ஆள் போய்ப் பார்க்க வேண்டாம், நாளைக்கு நாலு தடவை மீட்டரே எங்கள் கம்ப்யூட்டருக்குத் தன் எண்ணை அனுப்பிவிடும். எல்லாவற்றையும் மூடியவர்களுக்கு அந்த மீட்டர்களின் வாயை மூடத் தோன்றவில்லை. போக முடியாத தெருக்களில் யார் குளிக்கிறார்கள், யார் குளிக்கவில்லை என்று நான் இங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராணுவம் என்னைத் தேடி வந்தது அதனால்தான். ஒரு காலையில் இளம் அதிகாரி ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ஊரே பற்றி எரிகிறது, இவர் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. அந்த நிமிஷமே மனசுக்குள் இஸ்திரி என்று பேர் வைத்துவிட்டேன். சட்டம் படித்தவர். எதை அடிக்கலாம், எதை அடிக்கக் கூடாது என்று ராணுவத்துக்குச் சொல்லும் பிரிவில் இருந்தார். அந்தக் கரை மீட்டர்களை வைத்து வீட்டில் எத்தனை பேர் என்று சொல்லக்கூடியவர்கள் உண்டா என்று கேட்டார். எங்கள் மேனேஜர் ஒரு நொடி யோசிக்கவில்லை, பேனாவால் என்னைக் காட்டினார். என்னை எங்கேயாவது தள்ளிவிட நாள் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன்.

இஸ்திரியின் பிரிவு இருந்தது ஒரு பழைய இன்ஷூரன்ஸ் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில். அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் பல் தெரியச் சிரிக்கும் விளம்பரப் படத்தைக்கூடச் சுவரிலிருந்து கழற்றவில்லை. நீள மேஜை, நாலு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு தண்ணீர் கேன். பக்கத்தில் இன்னொரு அறை இருந்தது. அங்கேதான் முடிவு செய்வார்கள். எனக்கு அங்கே அனுமதி இல்லை. கதவு திறந்து மூடும்போது ஏசிக் காற்று மட்டும் என் காலில் வந்து படும்.

முதல் நாள் இஸ்திரி எனக்கு ஒரு மணி நேரம் விளக்கினார். போருக்கும் சட்டம் உண்டு என்றார். ஆயுதம் எடுத்தவனை அடிக்கலாம், எடுக்காதவனைக் குறிவைக்கக் கூடாது. மொட்டைமாடியில் ஆயுதக்காரன் இருக்கிறான் என்பதற்காகக் கீழே குடியிருப்பவர்களை மறந்துவிட முடியாது. அவனை அடிப்பதால் சண்டையில் கிடைக்கும் பலனையும், கூடவே சாகக்கூடிய சாதாரண ஜனங்களையும் எடைபோட வேண்டும். பலனுக்கு மீறிய சாவு என்றால் அடிக்கக் கூடாது. எடைபோடுவதற்கு முன்னால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று முடிந்த மட்டும் விசாரிக்க வேண்டும். அந்த விசாரணைக்குத்தான் நான்.

"உங்க நம்பர் வராம இந்த ரூம்லேர்ந்து ஒரு குண்டு போகாதுக்கா," என்றார்.

எனக்குப் புல்லரித்தது. சொல்லவே நாக்கூசுகிறது, ஆனாலும் புல்லரித்தது. இத்தனை வருஷம் வெயிலில் அலைந்து, நாய்க்குப் பயந்து, காம்பவுண்டுச் சுவரோரம் குனிந்து முதுகு போனதற்கெல்லாம் இப்போதுதான் ஓர் அர்த்தம் வந்ததாக நினைத்தேன். இரண்டாவது வாரமே ஒரு கட்டடத்துக்கு நாற்பத்தாறு பேர் என்று எழுதிக் கொடுத்தேன். பக்கத்து அறைக்குப் போன தாள், வேண்டாம் என்று திரும்பி வந்தது. அன்றைக்கு வீட்டுக்கு நடந்தா போனேன், மிதந்துகொண்டு போனேன். என் வீட்டுக்காரருக்குச் சைக்கிள் ரிப்பேர் கடை. டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்த ஆளிடம், நாற்பத்தாறு பேரைக் காப்பாற்றிவிட்டேன் என்றேன். நல்ல காரியம் என்று தலைநிமிராமல் சொன்னார். அவருக்கு இதெல்லாம் புரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு பீரங்கிக் குண்டு அந்தக் கரை பம்பு ஹவுஸின் டிரான்ஸ்பார்மர்மேல் விழுந்தது. எங்கள் ராணுவம் போட்ட குண்டுதான், வேறு யாருடையதும் இல்லை. ஒரு மணி நேரத்தில் அந்தக் கரைக் குழாய்கள் முழுக்கக் காய்ந்தன. என் திரையில் ஆயிரக்கணக்கான மீட்டர்கள், எல்லாவற்றுக்கும் நேரே பூஜ்யம். ஓடிப்போய் இஸ்திரியிடம் சொன்னேன்.

"சார், ஜனம் எங்கயும் போகல. தண்ணிதான் நின்னுபோச்சு. பம்பு ஓடல. இந்தப் பூஜ்யத்தை நம்பாதீங்க."

அவர் கற்பூரம் மாதிரி, பட்டென்று பிடித்துக்கொண்டார். பழைய மாதத்துச் சராசரியைப் போடச் சொன்னார். தாளின் இரண்டாம் பக்கத்தில் குறிப்பு என்று ஓர் இடம் இருந்தது. பம்பு நின்றுவிட்டதை அங்கே எழுதச் சொன்னார். பத்து நாள் அப்படியே செய்தேன். ஆனால் சராசரி போட்டால் ஊரைவிட்டுப் போனவர்களும் கணக்கில் வந்துவிடுகிறார்கள். எந்த வீட்டைக் கேட்டாலும் நிறைய ஆள். தாள் மேல் தாளாக வேண்டாம் என்று திரும்பியது. பக்கத்து அறையில் ஒரு பெரிய அதிகாரி கத்தியது இந்த அறைவரை கேட்டது. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபீசா நடத்துகிறோம் என்று கத்தினார்.

அடுத்த திங்கட்கிழமை புதுத் தாள் வந்தது. ஒரே பக்கம். குறிப்பு எழுதும் இடம் இல்லை. பழைய சராசரி போடக் கூடாது, அன்றன்றைய மீட்டர் எண்ணை வைத்துத்தான் ஆள் கணக்கு எழுத வேண்டும். காரணம் கேட்டால் சட்டத்தையே காட்டினார்கள். கைக்கெட்டிய புதிய தகவலைத்தான் பயன்படுத்த வேண்டுமாம், போன மாதத்துத் தகவல் பழசாம். அன்றைய எண் பூஜ்யம் அல்லவா என்று இஸ்திரியிடம் கேட்டேன். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "பம்பு ஓடலன்னு எல்லாருக்கும் தெரியும்கா. தெரிஞ்ச விஷயத்தை எதுக்குத் தினமும் எழுதிக்கிட்டு," என்றார்.

சரிதானே, எல்லோருக்கும் தெரிகிறதே, தெரிந்து ஏதாவது கூட்டிக் கழித்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டேன். இதை நான் எத்தனையோ தடவை எனக்குள் சொல்லிப் பார்த்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் அழுகிய முட்டை உடைந்த மாதிரி நாற்றம்தான் வருகிறது. பூஜ்யம் என்று எழுதினேன். வரிசையாக, அழகான கையெழுத்தில், பூஜ்யம் பூஜ்யமாக எழுதினேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு ஓர் இணைப்பு எண் வந்தது. எனக்கு முகவரி தேவையில்லை. நாலு மாடி, எட்டு வீடு, ஒரே மீட்டர். வால்வு அண்ணன் குடியிருக்கும் கட்டடம். மொட்டைமாடியில் ஆன்டெனா கட்டி இரண்டு பேர் உட்கார்ந்து, எங்கள் கரையில் எங்கே குண்டு விழ வேண்டும் என்று அவர்கள் பீரங்கிக்காரர்களுக்கு வழி சொல்கிறார்களாம். அது பொய்யில்லை. முந்தின வாரம் எங்கள் சந்தையில் விழுந்த குண்டுகூட அவர்கள் சொல்லி விழுந்ததாக இருக்கலாம். கீழே எத்தனை பேர் என்று கேட்டார்கள்.

பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். வால்வு அண்ணனுடைய பெண்ணை வடக்கே மலையோரத்து ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. தண்ணீர் நின்று பன்னிரண்டு நாளாகிறது, தண்ணீர் இல்லாத ஊரில் வால்வுக்காரருக்கு என்ன வேலை, பெண் வீட்டுக்குப் போயிருப்பார் என்று தோன்றியது. மற்றவர்களும் அப்படியே போயிருப்பார்கள். போகாமலிருக்க அவர்களுக்கு ஆயிரம் காரணம் இருந்திருக்கும். எனக்கு அந்த நேரத்தில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. வரவழைத்துக்கொள்ளவில்லை என்பதுதான் சரி. முள்ளைப் பார்த்து ஆளைச் சொல்பவள், முள் சொன்னதையே எழுதினேன். பதினொன்றே முக்காலுக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. டீ குடித்துக்கொண்டிருந்தேன். குடித்து முடித்தேன்.

சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது கடை சாத்தியிருந்தது. என் வீட்டுக்காரர் வாசல்படியில் கிரீஸ் கையோடு உட்கார்ந்திருந்தார். அந்தக் கரை ரேடியோவில் செத்தவர்கள் பெயரை வாசித்தார்களாம். முப்பத்தொரு பேர். அதில் வால்வு அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள்.

விவரம் அடுத்தடுத்த நாட்களில் வந்தது. அந்தக் கட்டடத்தின் பின்பக்கம் பலகை போட்டு மூடிய ஒரு பழைய கிணறு இருந்தது. குழாய் நின்ற மறுநாளே அண்ணன் பலகையைப் பிரித்து, தூர் வாரி, கயிறும் வாளியும் கட்டிவிட்டார். சுற்றி நாலைந்து தெருவுக்கு அது ஒன்றுதான் தண்ணீர். ஆளுக்கு இரண்டு குடம் என்று அவரே முறை வைத்து விட்டுக்கொண்டிருந்தார். மாடியில் ஆன்டெனாக்காரர்கள் ஏறியதும் எங்களை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சியும் பார்த்தாராம். அவர்கள் இறங்கவில்லை, அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. செத்தவர்களில் அந்தக் கட்டடத்தில் குடியிருந்தவர்கள் ஒன்பது பேர்தான். மற்ற எல்லோரும் வரிசையில் நின்றவர்கள், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். குழாய் காய்ந்து மீட்டர் பூஜ்யம் காட்டியதால்தான் அந்த வீட்டில் அத்தனை கூட்டம். இதை ஒரு சின்னக் குழந்தைகூட யோசித்திருக்கும். இருபத்திரண்டு வருஷ அனுபவசாலிக்குத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து குழாயைத் திறந்தால் எனக்குக் குமட்டியது. சாப்பிட்டது தங்கவில்லை. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தாலும் அதே குமட்டல்தான்.

சிதறிக் கிடந்த குடங்களின் படம் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் ராணுவம் விசாரணை வைத்தது. அதற்கு முந்தின நாள் இஸ்திரி தட்டச்சு செய்த ஒரு வாக்குமூலத்தை என் முன்னால் வைத்தார். என்னைப் பார்த்துப் பேசவே அவருக்குக் கஷ்டமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"தப்பா ஒண்ணும் எழுதலக்கா. படிச்சுப் பாருங்க," என்றார்.

படித்தேன். அன்று காலை அந்த இணைப்பின் மீட்டர் பூஜ்யம் காட்டியது. முந்தின பன்னிரண்டு நாளும் பூஜ்யம் காட்டியது. அந்தத் தகவல் முறைப்படி அதிகாரிக்குத் தரப்பட்டது. அதற்கு மாறான எழுத்துபூர்வமான தகவல் எதுவும் அவர் முன் இல்லை. ஒரு வரியில்கூடப் பொய் இல்லை. பொய்யே இல்லாமல் இவ்வளவு பெரிய அசிங்கத்தைக் கட்டி நிறுத்த முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"பம்பு ஓடலன்னு நமக்குத் தெரியுமே சார்."

"தெரியும்ங்கிறது எங்கக்கா எழுதியிருக்கு?"

"உங்ககிட்ட வாயால சொன்னேன்."

"எங்கிட்ட தினம் நூறு பேரு நூறு சொல்றாங்க. வாயால சொன்னதையெல்லாம் தகவல்னு எடுத்துக்க முடியாதுக்கா."

பிறகு நிதானமாக விளக்கினார். முடிவெடுத்தவரை, பின்னால் என்ன நடந்தது என்பதை வைத்து நியாயம் பேசக் கூடாது. முடிவெடுத்த நேரத்தில் அவர் கையில் என்ன தகவல் இருந்தது, நியாயமாக அவருக்கு என்ன தெரிந்திருக்க முடியும் என்பதை வைத்துத்தான் பேச வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அது நியாயமான சட்டம்தான், நானும் ஒத்துக்கொள்கிறேன். எல்லாம் முடிந்தபிறகு யார் வேண்டுமானாலும் புத்திசாலி ஆகலாம். ஆனால் அதற்காகத் தெரிந்ததைத் தெரியாமல் ஆக்க ஒரு பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, பார் என் கையில் தகவலே இல்லை என்று காட்டுவதா? நல்ல சட்டத்தை எடுத்துக் கைதுடைக்கிற துணியாக வைத்திருக்கிறார்கள்.

கையெழுத்துப் போடவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், இத்தனை நாள் நீ அங்கே என்ன வேலை பார்க்கிறாய் என்று ஒழுங்காகக் கேட்டுக்கொள்ளாதது என் தப்பு என்றார். நாளைக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு வா, வேலை போனால் போகட்டும், பஞ்சர் ஒட்டக் கற்றுத்தருகிறேன் என்றார்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். தலைவர் நரைத்த மீசைக்காரர், மரியாதையானவர். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார், பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார். நான் ஒன்று விடாமல் சொன்னேன். டிரான்ஸ்பார்மரில் விழுந்தது யார் குண்டு என்பது முதல், தாள் ஒரு பக்கமாகக் குறைந்தது வரை. அண்ணனைப் பற்றியும் சொன்னேன். குரல் உடைந்தபோது காத்திருந்தார். எழுதிக்கொண்டே கேட்டார்.

குறிப்பு எழுதும் இடம் இருந்த பத்து நாளும் நீங்கள் பம்பு நின்றதை எழுதினீர்களா என்றார். எழுதினேன் என்றேன். அப்படியானால் அது முக்கியம் என்று உங்களுக்குத் தெரியும் என்றார். தெரியும் என்றேன். அந்த இடம் போனபிறகு, தாளின் ஓரத்தில் எழுதக் கூடாது என்று யாராவது தடுத்தார்களா என்று கேட்டார்.

யாரும் தடுக்கவில்லை. வேறென்ன சொல்ல முடியும், இல்லை என்றேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடிக்கோடு போட்டு எழுதினார். அடுத்து இஸ்திரியைக் கூப்பிட்டார்கள். நான் வாயால் சொன்னது பற்றி அவருக்குத் திட்டவட்டமாக ஞாபகம் இல்லையாம்.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. மொட்டைமாடி ஆன்டெனா முறையான ராணுவ இலக்கு. கையிலிருந்த தகவலின்படி சாதாரண ஜனங்களுக்குச் சேதம் எதிர்பார்க்கப்படவில்லை. உத்தரவிட்ட அதிகாரி சட்டப்படியே நடந்துகொண்டார். கணக்கு எழுதிய பொதுத்துறை ஊழியர் தமக்குத் தெரிந்த ஒரு குறைபாட்டைப் பதிவு செய்யத் தவறியிருக்கிறார். கெட்ட எண்ணம் இல்லாத கவனக்குறைவு என்பதால் நடவடிக்கை தேவையில்லை. தாளைத் திருத்தி அமைக்கலாம்.

ஆக முப்பத்தொரு பேரையும் கொன்றது நான். குண்டு போட்டவர் இல்லை, போடச் சொன்னவர் இல்லை, பக்கத்தைக் கிழித்தவர் இல்லை, ஓரத்தில் எழுதாத மீட்டரம்மா. முழுக்கப் பொய் என்றால் தெருவில் நின்று கத்தியிருப்பேன். பாதி உண்மை. அதுதான் தொண்டையில் கிடந்து அழுகுகிறது.

பிறகும் நான் வேலைக்குப் போனேன். வீட்டுக்காரர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் போகாவிட்டால் மேனேஜர் யாரை அனுப்புவார்? அந்தக் கரையை வரைபடத்தில்கூடப் பார்க்காத ஒரு தற்காலிக ஊழியரை. அவர் பூஜ்யத்தைப் பூஜ்யம் என்றே எழுதுவார். நான் இருந்தால் உள்ளே மனுஷர் இருக்கிறார்கள் என்று சொல்லவாவது ஒரு வாய் இருக்கும். இனி ஓரம், மூலை, பின்பக்கம் எங்கேயும் ஓர் எழுத்து விடாமல் எழுதுவேன் என்று சபதம் எடுத்துக்கொண்டு போனேன்.

இஸ்திரி புதுத் தாளோடு காத்திருந்தார். மறுபடி இரண்டு பக்கம். பம்பு ஓடுகிறதா என்று ஒரு கட்டம், கிணறோ அடிபம்போ உண்டா என்று ஒரு கட்டம், அக்கம்பக்கத்திலிருந்து வந்து தங்கியிருக்க வாய்ப்பு உண்டா என்று ஒரு கட்டம். பிள்ளையின் மார்க் ஷீட்டைக் காட்டுவதுபோலக் காட்டினார். என்னால்தான் இந்தத் திருத்தம் வந்ததாம், மேலிடத்தில் பாராட்டினார்களாம். நடிக்கவில்லை, உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

முதல் வீடு வந்தது. கீழே தச்சுப் பட்டறை, மேலே குடித்தனம். அந்த வாசலில் மரத்தூள்மேல் நின்று எத்தனை தடவை மீட்டர் பார்த்திருக்கிறேன். அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். தச்சர், பெண்டாட்டி, தச்சரின் அம்மா, நாலு பிள்ளைகள். தம்பி குடும்பம் நாலு பேர். பக்கத்து வீடு போன வாரம் இடிந்தது, அந்த வீட்டு ஐந்து பேரும் இங்கேதான் வந்திருப்பார்கள், இரண்டு குடும்பமும் சம்பந்திகள். மொத்தம் பதினாறு. பம்பு ஓடவில்லை, கிணறு இல்லை, எல்லாக் கட்டத்தையும் நிரப்பினேன். யார் யார் என்று பின்பக்கம் விவரமாக எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். இந்த இரண்டு மாதத்தில் முதல் தடவையாக, செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்த மாதிரி மூச்சு வந்தது. வாய்விட்டே சொன்னேன், "பதினாறு பேர் சார். நிச்சயமா இருக்காங்க."

இஸ்திரி தாளை மேலிருந்து கீழே படித்தார். பின்பக்கத்தையும் படித்தார்.

"ரொம்பத் தெளிவா இருக்குக்கா. பதினாறுதான, பரவாயில்ல. போகலாம்," என்று எழுந்தார்.

எதற்குப் போகலாம் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன். பட்டறையில் அவர்கள் பீரங்கிப் படையின் தலைவன் இன்று மதியம் கூட்டம் போடுகிறான் என்றார். அவ்வளவு பெரிய ஆளுக்கு இருபது பேர் வரைக்கும் போனாலும் பலனுக்கு மீறின சேதம் ஆகாது என்றார். அப்படியானால் அந்த நாற்பத்தாறு பேர் கட்டடம் என்றேன். அங்கே இருந்தது சாதாரண ஆள், அவனுக்கு ஐந்து பேரோடு சரி என்றார். உள்ளே ஜனம் இருக்கிறது என்பதற்காக யாரும் யாரையும் விட்டுவிடவில்லை. ஆளுக்குத் தகுந்த அளவு வைத்திருந்தார்கள். நான் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"இருபத்தொண்ணு சார். அஞ்சு பேரை விட்டுட்டேன்," என்றேன்.

"யாருக்கா அந்த அஞ்சு பேர்?"

வாயில் ஒரு பெயர் வரவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் நான் ஒரு லிட்டர்கூடப் பொய் எழுதியதில்லை, எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. பாய்ந்து தாளைப் பிடுங்கினேன். நாலாக, எட்டாக, விரல் வலிக்க வலிக்கக் கிழித்தேன். அறையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். இஸ்திரி மட்டும் பதறவில்லை. என் தோளைத் தொட்டு நாற்காலியில் உட்காரவைத்தார்.

"கிழிச்சா என்னக்கா. பதினாறுன்னு நீங்க வாயால சொன்னீங்களே, நான் கேட்டேனே. அது போதும்."

அவர் முகத்திலேயே காறித் துப்பினேன். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு பக்கத்து அறைக்குள் போனார்.